பின்லாந்து ஆண்பெயர் ஒன்றின் பொருளையும் வேரையும் கண்டறியும் முறை

வேலூரில் ஒரு சிறிய அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. திருமணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், நினைவஞ்சலித் தாள், கல்லூரி மலர் என்று மேசைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் பெயர்களே ஆகையால், பெயர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பின்லாந்திலிருந்து ஒரு விழாவுக்கு வந்த விருந்தினருக்கு வரவேற்பு மடல் அச்சிட வேண்டியிருந்தது. அவர் பெயர் தபனி. பெயரின் பொருளை வைத்து நான்கு வரி எழுதிக் கொடுக்குமாறு விழாக் குழுவினர் கேட்டனர். தபனன் என்றால் கதிரவன் அல்லவா என்ற துணிவில், யாரையும் கேட்காமல், 'கதிரவன் பெயர் தாங்கி வந்தவரே' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடையில் ஒருவர் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது விருந்தினர் வாய்விட்டுச் சிரித்தார். தம் பெயருக்குரிய நாள் ஆண்டிலேயே மிக இருண்ட டிசம்பரில் வருகிறது என்றும், அதற்கும் சூரியனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றும் விளக்கினார். அன்றைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தோல், காலணி ஏற்றுமதி நிறுவனங்களில் அயல்நாட்டு விருந்தினரை வரவேற்பவர்களுக்கும், மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்து போகும் வெளிநாட்டினரோடு பழகுபவர்களுக்கும் இது உதவும்.

முதலில் பெயரை முழுமையாக, அதன் எழுத்துப் புள்ளிகளோடு பெற வேண்டும். பின்லாந்தின் பெரும்பான்மை மொழியான பின்னியத்தில் ரோமன் எழுத்துகளான 'ஏ', 'ஓ' இரண்டின் தலையில் இரட்டைப் புள்ளி வருவது உண்டு. அது அலங்காரம் அன்று, அப்படி வருபவை தனி எழுத்துகள். அகராதியிலும் அவை கடைசியில் தனியாக நிற்கும். விசா நகலிலோ விமானச் சீட்டிலோ அந்தப் புள்ளிகள் உதிர்ந்திருக்கும். அந்தத் தாளை வைத்துத் தேடத் தொடங்கினால் முதல் அடியிலேயே வழி தவறிவிடும்.

பின்லாந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதற்பெயர்கள் இருப்பது வழக்கம். 2019 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி நான்கு வரை வைக்கலாம், அதற்கு முன் மூன்றுதான் எல்லை. அவற்றுள் எதைச் சொல்லி அழைக்கிறார்கள், எது உடன் நிற்கும் பெயர் என்று கேட்டுக் கொள்வது நல்லது. நம் விருந்தினரின் பெயராகிய தபனி பெரும்பாலும் இரண்டாம் பெயராகவே வைக்கப்படுவது. யுஹானியும் அப்படித்தான். எல்லா முதற்பெயர்களையும் சேர்த்து எண்ணினால் ஆண்களில் யுஹானியே முதலிடத்தில் நிற்கிறது, ஆனால் யுஹானி என்று கூப்பிடப்படுபவர் அந்த அளவுக்கு இல்லை.

இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுவிட வேண்டும்: அவர் வீட்டு மொழி எது? பின்லாந்துக்குப் பின்னியம், சுவீடிஷ் ஆகிய இரண்டும் தேசிய மொழிகள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் பிறந்தவரே ஆயினும் சுவீடிஷ் பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர், அவர் பெயருக்குப் பின்னிய வேர் தேடுவது வீண் வேலை. சித்தூர் எல்லையில் வாழ்கிற நமக்கு இது புதிதில்லை. வேலூர்க்காரர் என்பதால் மட்டும் ஒருவர் பெயர் தமிழாகிவிடாது. அது தெலுங்காகவும் இருக்கலாம், உருதுவாகவும் இருக்கலாம்.

அடுத்தது உச்சரிப்பு. பின்னியத்தில் எழுதியபடியே படிக்க வேண்டும், அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். ஆங்கில 'ஜே' எழுத்து அங்கே யகரம். ஆகவே ஜுஹானி அல்ல, யுஹானி. ஜுஸ்ஸி அல்ல, யுஸ்ஸி. தகரம் நம் தகரத்தைப் போல நாவைப் பல்லில் ஒட்டிச் சொல்லப்படுவது என்பதால், ஆங்கிலப் பழக்கத்தில் டகரம் போடுவது தவறு. 'ஒய்' எழுத்து நம்மிடம் இல்லாத உயிர். நாக்கை இகரத்துக்கு வைத்து உதட்டை உகரத்துக்குக் குவித்தால் அது வரும். ககர, தகர, பகரங்கள் எங்கே வந்தாலும் வல்லொலியாகவே நிற்கும். இங்குதான் தமிழ் எழுத்து நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் விருது பெற்ற பின்லாந்து அறிஞரின் பெயரை நம் இதழ்கள் 'பர்போலா' என்று எழுத, படித்தவர்கள் நடுப் பகரத்தைக் குழைத்துச் சொன்னார்கள். 'பர்ப்போலா' என்று ஓர் ஒற்றுக் கூட்டியிருந்தால் ஒலி சரியாக வந்திருக்கும். தபனி, தபியோ ஆகிய பெயர்களில் வரும் பகரத்தையும் 'பல்' என்னும்போது வரும் பகரமாகவே ஒலிக்க வேண்டும்.

குறில் நெடில் வேறுபாடும், ஒற்று இரட்டித்தலும் அங்கே பொருளையே மாற்றும். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். படு, பாடு, பட்டு என்று பேசிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குத்தான் இது தலைவலி. பெயரை எழுதும்போதும் இந்தக் கவனம் தேவை. அந்த்தி என்ற பெயரில் ஓர் ஒற்றை விட்டுவிட்டால் மாலைப்பொழுதாகிவிடும். மத்தி என்ற பெயரை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு சரியாக எழுதினாலும் அது மீன் சந்தையை நினைவூட்டவே செய்கிறது.

அதனால் மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது ஓர் எச்சரிக்கை: காதில் விழும் ஒற்றுமையை நம்பக் கூடாது. ஆற்காடு என்பது ஆறு காடுகள் என்று சொல்பவரும் உண்டு, ஆத்தி மரத்தைக் குறிக்கும் 'ஆர்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பவரும் உண்டு. நம் மொழியில், நம் மண்ணில் உள்ள பெயருக்கே இத்தனை வழக்கு இருக்கும்போது, பால்டிக் கடலோரத்துப் பெயரைத் தமிழ்க் காதால் பிரிப்பது என்ன நியாயம்? வேலி என்று ஒரு பின்லாந்து ஆண்பெயர் இருக்கிறது. வயலைச் சுற்றி நிற்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை, அங்கே அச்சொல்லுக்குச் சகோதரன் என்று பொருள். பின்னியம் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததும் அன்று. எஸ்தோனியம் அதற்கு நெருங்கிய உறவு, ஹங்கேரியம் தூரத்து உறவு.

இனி முக்கியமான வேலைக்கு வருவோம். ஒரு பெயர் எந்த வழியாக வந்தது என்று பிரித்தறிய வேண்டும். மரபான பின்லாந்து ஆண்பெயர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்தவை. அகராதிச் சொல்லே பெயரானது ஒன்று, பழந்தெய்வங்களும் பாட்டுக் கதை மாந்தரும் பெயரானது இன்னொன்று, திருச்சபை வழியாக வந்த புனிதர் பெயர் நாட்டுக் குரலில் தேய்ந்து உருமாறியது மூன்றாவது.

அகராதிச் சொல்லாக இருந்தால் வேலை எளிது. தொய்வோ என்பது நம்பிக்கை, ஒன்னி என்பது நற்பேறு, உர்ஹோ என்பது வீரம் மிக்கவன், அர்வோ என்பது மதிப்பு, வொய்த்தோ என்பது வெற்றி, அர்மஸ் என்பது அன்புக்குரியவன். பின்னிய அகராதியைத் திறந்தால் முதல் வரியிலேயே விடை கிடைக்கும். 1956 முதல் கால் நூற்றாண்டுக் காலம் குடியரசுத் தலைவராக இருந்த கெக்கோனென் உர்ஹோ என்ற பெயருடையவர். இவற்றில் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொழிப்பற்று ஓங்கியபோது பரவியவை. பின்லாந்து 1809 வரை சுவீடனின் ஆட்சியிலும், பிறகு 1917இல் விடுதலை அடையும் வரை உருசியப் பேரரசின் கீழும் இருந்தது. கற்றோர் மொழி சுவீடிஷாகவே இருந்த அக்காலத்தில், குழந்தைக்குத் தொய்வோ என்று பெயரிடுவதே ஒரு நிலைப்பாடு. 1906 மே 12 அன்று ஏராளமானோர் ஒரே வீச்சில் தங்கள் சுவீடிஷ் குடும்பப் பெயரைப் பின்னியமாக மாற்றிக்கொண்டனர். ஓவியர் அக்செல் காலேன் அதற்கு அடுத்த ஆண்டு அக்செலி காலேன்-கல்லேலா ஆனார். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞராகவும், வேதாசலம் மறைமலையடிகளாகவும் மாறியதைப் படித்தவர்களுக்கு அந்த மனநிலை உடனே புரியும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தொய்வோ போன்ற சில சொற்கள் கிறித்தவம் வருவதற்கு முன்பே ஆட்பெயர்களில் புழங்கியவை. ஆகவே 'புதுப்பெயர்' என்பதைவிட 'மீண்டு வந்த பெயர்' என்று எழுதுவது சரியாக இருக்கும்.

இரண்டாம் வழிக்கு இல்மரி, தபியோ, வைனோ, அஹ்தி ஆகியவை எடுத்துக்காட்டு. இவற்றுக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று ஒரு பாதிரியாரின் கண்டனம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கிறது. மிக்கேல் அக்ரிகோலா 1551இல் திருப்பாடல் நூலைப் பின்னியத்தில் பெயர்த்தபோது, முன்னோர் வழிபட்ட பொய்த்தெய்வங்கள் இவை என்று முன்னுரையில் செய்யுளாக ஒரு பட்டியல் எழுதினார். அதில் தபியோ காட்டிலிருந்து வேட்டையைத் தருபவன், அஹ்தி நீரிலிருந்து மீனைக் கொண்டு வருபவன், இல்மரினென் வானிலையை அமைத்து வழிப்போக்கரை நடத்திச் செல்பவன். அவர் ஒழிக்க நினைத்த பெயர்களை அவரே பதிந்து வைத்துவிட்டுப் போனார். பிறகு, கயானி ஊரில் மாவட்ட மருத்துவராக இருந்த எலியாஸ் லோன்ரொட் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்து 1835இல் கலேவலா காவியத்தை வெளியிட்டார், 1849இல் அது 50 பாடல்களாக விரிந்தது. அதன் பிறகே இந்தப் பெயர்கள் ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்தன. காவியத்தில் 'இல்மரினென்' வானக் கூரையை அடித்துச் செய்த கொல்லன். 'னென்' என்ற ஈற்றை உதிர்த்தால் இல்மரி, அதன் அடியில் இருக்கும் 'இல்ம' என்ற சொல்லுக்குக் காற்று, வானிலை என்று பொருள். உறவு மொழியான உத்மூர்த்தியத்தில் வானத் தெய்வத்தை 'இன்மர்' என்பர். இதே போல, 'வைனமொய்னென்' என்ற பாடகனின் பெயரிலிருந்து வந்தது வைனோ. அகன்று அமைதியாக ஓடும் ஆற்றைக் குறிக்கும் 'வைன' என்ற சொல் அதன் வேர். பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொருளை மனக்கண்ணில் கொண்டுவரச் சற்று முயற்சி தேவைப்படும். காவியத்தை மூலத்தில் படிக்க இயலாதவர்களுக்கு ஒரு நற்செய்தி: 1994இலேயே அதன் தமிழாக்கம் வந்துவிட்டது. இப்பெயர்கள் அங்கே என்ன செய்கின்றன என்பதைத் தமிழிலேயே பார்க்கலாம்.

நான் இடறி விழுந்தது மூன்றாம் வழியில். அதற்கான சாவி ஒலிமாற்றத்தில் இருக்கிறது. பழைய பின்னியச் சொற்கள் இரண்டு மெய்களோடு தொடங்குவதில்லை. ஃபகரம் அவற்றில் இல்லை. பகரத்தின் மெல்லொலியும் இல்லை. மெய்யில் முடியும் அயற்சொல்லுக்குக் கடைசியில் ஓர் இகரம் ஒட்டும். நம் ஊர்ப் பேச்சை நினைத்துப் பாருங்கள். ஸ்டேஷனை டேசன் என்கிறோம், ஃபகரத்தைப் பகரமாக்கிக் காப்பி குடிக்கிறோம், பஸ்ஸுக்கும் பேங்குக்கும் ஓர் உகரம் சேர்க்கிறோம். பின்னியர் அவற்றையே புஸ்ஸி, பங்க்கி என்கிறார்கள். இப்போது தபனியை எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் 'ஸ்தெஃபனோஸ்' என்றால் வெற்றி மாலை, மகுடம். அது இலத்தீனில் 'ஸ்தெஃபானுஸ்', சுவீடிஷில் 'ஸ்தஃபான்'. முன்னே நின்ற ஸகரம் டேசனில் போனது போலப் போயிற்று, ஃபகரம் காப்பியில் ஆனது போலப் பகரம் ஆயிற்று, கடைசியில் இகரம் ஏறியது. மிஞ்சியது தபனி. கிறித்தவத்தின் முதல் இரத்த சாட்சியான ஸ்தேவானின் பெயர்தான் அது. நம் கத்தோலிக்க மரபில் அவரே முடியப்பர். வேலூர் மறைமாவட்டத்தில் முடியப்பன் என்ற பெயரோடு எத்தனையோ பேர் நடமாட, நான் கதிரவனைத் தேடிக்கொண்டு போயிருக்கிறேன்.

இந்த ஒப்பீடு இன்னும் சில பெயர்களுக்கும் பயன்படும், ஆனால் ஒரு வேறுபாட்டோடு. பின்னியர் ஒலியைத் தம் வாய்க்குப் பழக்கினர், நம் முன்னோர் பொருளையே பெயர்த்தனர். ஆகவே பின்னியப் பெயரில் மறைந்துவிட்ட பொருள் நம் கத்தோலிக்கப் பெயரில் வெளிப்படையாக நிற்கிறது. யுஹானி, யுஹா, யுஸ்ஸி, யுக்கா, ஹன்னு எல்லாம் யோவானின் உருவங்கள். 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்ற எபிரேயப் பொருள் அருளப்பனில் அப்படியே இருக்கிறது. பாவோ என்பது பவுல். இலத்தீனில் சிறியவன், நமக்குச் சின்னப்பன். பெக்கா என்பது பேதுரு, அதாவது பாறை. இராயப்பன் என்ற பெயரில் இருப்பது கல்லைக் குறிக்கும் தெலுங்கு 'ராயி' என்று சொல்வார்கள், குடியாத்தம் பக்கத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டாம். இப்படி இணை கிடைக்காதவையும் உண்டு. ஹெய்க்கி என்பது ஹென்ரிக். வீடு, ஆள்பவன் என்ற இரு ஜெர்மானியச் சொற்களின் கூட்டு. உர்யோ என்று நாம் ஏறத்தாழ எழுதும் பெயர் ஜார்ஜின் உருவம், கிரேக்கத்தில் உழவன் என்று பொருள்.

ஊகம் சரிதானா என்று சோதிக்கப் பெயர் நாள் நல்ல உரைகல். பின்லாந்து நாட்காட்டியில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளுக்கும் பெயர்கள் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பெயரின் நாள் புனிதரின் திருநாளோடு ஒத்துப்போனால் திருச்சபை வழி உறுதியாகிறது. தபனிக்கு டிசம்பர் 26, அது ஸ்தேவான் திருநாள், அங்கே பொது விடுமுறையும்கூட. யுஹானிக்கு ஜூன் 24, அந்த்திக்கு நவம்பர் 30, ஹெய்க்கிக்கு ஜனவரி 19. ஒலியில் தபனிக்கு அண்டை வீட்டுக்காரன் போலத் தோன்றும் தபியோவுக்கோ ஜூன் 18. அது எந்தப் பெரும் புனிதரின் நாளும் அன்று. காட்டுத் தெய்வத்தையும் இரத்த சாட்சியையும் ஒன்றாக்கிவிடாமல் காப்பாற்ற இந்த ஒரு சோதனையே போதும். ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போவில் உள்ள தபியோலா என்ற தோட்ட நகரம் தபியோவின் பெயரால் அமைந்தது, 'லா' என்பது இடத்தைக் குறிக்கும் ஈறு.

பின்லாந்தின் மக்கள்தொகைப் பதிவு முகமை நடத்தும் இணையப் பெயர்ச் சேவையில் ஒரு பெயரைத் தட்டினால், எந்தக் காலப்பகுதியில் எத்தனை பேருக்கு அது வைக்கப்பட்டது என்று தெரியும். தொய்வோவும் ஒன்னியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓங்கி, இடையில் தேய்ந்து, 2000க்குப் பிறகு மீண்டும் தொட்டில்களுக்கு வந்துள்ளன. தாத்தாவின் பெயரைத் தாங்குபவனைப் பெயரன் என்று அழைத்த மொழியினருக்கு இந்த வளைவு வியப்பளிக்காது. பெயரியல் ஐயங்களுக்கு ஹெல்சிங்கியில் உள்ள பின்லாந்து மொழிகள் நிறுவனத்தின் கட்டுரைகளை நம்பலாம். குழந்தைப் பெயர்த் தளங்களை நான் நம்புவதில்லை. அவற்றில் எல்லாப் பெயருக்கும் 'வலிமை', 'ஒளி' என்ற இரண்டே பொருள்தான்.

பழைய ஆவணத்தில் தேடுபவருக்கு இரண்டு குறிப்புகள். வீட்டில் ஹெய்க்கி என்று அழைக்கப்பட்டவனைக் கோயில் பதிவேட்டில் பாதிரியார் ஹென்ரிக் என்றே எழுதியிருப்பார், சான்றிதழில் ஒன்றும் தெருவில் ஒன்றுமாக நமக்கு இருப்பதைப் போல. வேற்றுமை ஏற்கும்போது பெயரின் உடலும் மாறும். ஹெய்க்கியின் என்பது அங்கே 'ஹெய்கின்', மத்தியின் என்பது 'மதின்'. ஆறு ஆற்றை ஆவது போன்ற மாற்றம்தான் இது. ஆகவே 'ஹெய்கின்' என்ற சொல்லைக் கண்டால் ஒற்றைக் கூட்டி ஹெய்க்கிக்குத் திரும்பித் தேட வேண்டும்.

கடைசியாக, பெயரின் பொருள் என்பதும் அப்பெயர் ஒருவருக்கு ஏன் வந்தது என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு நூல் விடை சொல்லும், இரண்டாவதற்கு அவரே சொல்ல வேண்டும். நம் விருந்தினரைக் கேட்டிருந்தால், அது தம் தந்தையின் இரண்டாம் பெயர் என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார். விழா முடிந்து தேநீர் அருந்தும்போது அதைத்தான் சொன்னார்.

அந்த மடலை மறுபடி அச்சிட்டுத் தபாலில் அனுப்பினேன். அச்சகக் குறிப்பேட்டில் இப்போது இப்படி இருக்கிறது: 'தபனி. பின்லாந்து ஆண்பெயர். முதல் அசையில் அழுத்தம், பகரம் வல்லொலி. கிரேக்க ஸ்தெஃபனோஸ், சுவீடிஷ் ஸ்தஃபான் வழி. பொருள் மகுடம். பெயர் நாள் டிசம்பர் 26. தபியோ வேறு. நம் வழக்கில் முடியப்பன்.'